பல்பு எரிந்தால் தனிக்குடித்தனம்

எங்கள் பக்கத்தில் அருவித் தண்ணீரிலிருந்து முதன்முதலாக மின்சாரம் எடுத்தவர் என் வீட்டுக்காரர்தான் என்று இப்போது சிலர் மேடை போட்டுப் பேசுகிறார்கள். பேசட்டும். மாலை போடுகிறவர்கள் யாரும் அந்த மெஷினோடு குடித்தனம் நடத்தியவர்கள் இல்லை. நான் நடத்தியவள். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்ல எனக்குத்தான் உரிமை அதிகம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு மின்சாரத்தின் மேல் தனியாக ஒரு பிரியமும் கிடையாது. எனக்கு வேண்டியிருந்தது தனிக்குடித்தனம். அதற்கு வேறு வழி இல்லாததால் மின்சாரத்தைச் சகித்துக்கொண்டேன்.

நான் வாழ்க்கைப்பட்ட வீடு வீரகேரளம்புதூரில் இருந்தது. பெரிய வீடு. மாமனார், மாமியார், என் வீட்டுக்காரருடைய அண்ணன்மார், அவர்கள் மனைவிமார், பிள்ளைகள், நிலத்து விஷயமாக வருகிறவர்கள், வந்த வேலை முடிந்தும் போகாதவர்கள் என்று எப்போதும் ஒரு பந்தி சாப்பிட்டுக்கொண்டிருக்கும், அடுத்த பந்தி காத்துக்கொண்டிருக்கும். அடுப்பு அணைந்து நான் பார்த்ததில்லை. பகலில் புருஷனோடு பேசுவது அந்த வீட்டில் வழக்கமில்லை. அவர் ஆண்களோடு சாப்பிட்டுவிட்டு வயலுக்குப் போய்விடுவார். அவர் அறைக்கு வரும் நேரத்தில் விளக்கை ஊதி அணைத்திருப்பார்கள். கல்யாணமான முதல் வருஷம் என் புருஷனை எனக்குக் குரலை வைத்துத்தான் தெரியும். ஒரு சண்டை போட வேண்டும் என்றால்கூடப் பக்கத்து அறைக்குக் கேட்காமல் காதோடு போட வேண்டும். கோபத்தை ரகசியமாகச் சொல்லிப் பாருங்கள், என் கஷ்டம் புரியும்.

அவர் கல்யாணத்துக்கு முன்னால் மைசூர்ப் பக்கம் போய், அருவியில் மின்சாரம் எடுக்கிற இடத்தில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவர். அங்கே இருந்து ஒரு மலைக்காய்ச்சலையும் ஒரு யோசனையையும் கொண்டுவந்தார். காய்ச்சல் போய்விட்டது. யோசனை போகவில்லை. குற்றாலத்தில் பெரிய அருவிக்குக் கீழே, ஆற்றங்கரையில், மாமனாருக்கு ஒரு தென்னந்தோப்பும் அதற்குள் ஒரு சின்ன ஓட்டு வீடும் இருந்தன. தோப்பு வழியாக ஒரு கால்வாய் ஓடியது. அந்தக் கால்வாய்த் தண்ணீரைக் குழாயில் சரிவாக இறக்கி, சக்கரத்தைச் சுற்றவைத்து, விளக்கு எரிக்கலாம் என்று அவர் வயலில் நின்றுகொண்டு மாட்டிடம்கூடச் சொல்லிப் பார்த்தாராம். கடைசியில் தன் அப்பாவிடம் சொன்னார்.

“ஏலே, தண்ணியில வெளக்கு எரியுமா? என்னத்துக்குக் கிறுக்குப் பிடிச்சு அலையுத?” என்றார் மாமனார்.

“எரியும்பா. அங்கன நான் கண்ணால பாத்தேன்.”

மாமனார் பிடிவாதக்காரர், ஆனால் பந்தயம் என்றால் அவருக்கு உயிர். யோசித்துவிட்டுச் சொன்னார்: “சரி, ஒரு சாரல் காலத்துக்கு விடுதேன். ஆடி அமாவாசைக்கு நான் அங்கன வருவேன். அன்னைக்கு நிலா கிடையாது, நீ ஏமாத்த முடியாது. வெளக்கு வைக்கிற நேரத்துல இருந்து நான் சாப்பிட்டுக் கை கழுவுத வரைக்கும் ஒன் வெளக்கு அணையாம எரியணும். எரிஞ்சா அங்கனயே இருந்துக்க. அணைஞ்சுதுன்னா மெஷின ஆத்துல தூக்கிப் போட்டுட்டு ரெண்டு பேரும் வீடு வந்து சேரணும்.”

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த எனக்கு அந்த ‘ரெண்டு பேரும்’ காதில் தேனாகப் பாய்ந்தது. என் வீட்டுக்காரருக்குச் சோறு பொங்கிப்போட ஆள் வேண்டுமே. மறுவாரமே வண்டி கட்டிக் குற்றாலத்துக்குப் போய்விட்டோம்.

அந்த ஓட்டு வீட்டில் முன்பக்கம் ஒரு பட்டாசாலை, ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. சமையல்கட்டில் நானும் ஒரு பூனையும் நின்றால் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. எனக்கு அது அரண்மனை. நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். குழம்பில் உப்பு அதிகம் என்று அவர் என் முகத்துக்கு நேரே சொன்னார். நான் தொண்டை கிழியக் கத்தினேன். அவரும் கத்தினார். அருவி இரைச்சலில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. அதைவிடச் சந்தோஷமான நாள் என் வாழ்க்கையில் அதுவரை வந்ததில்லை.

மெஷின் வேலை நடந்தது. தென்காசிக் கொல்லர் ஒருவர் சக்கரத்தைச் செய்து கொடுத்தார். சுற்றிலும் இரும்பில் கொட்டாங்கச்சி மாதிரிக் கிண்ணங்கள் வைத்த சக்கரம். டைனமோ, திருநெல்வேலியில் கூடாரம் போட்டுப் படம் காட்டிவிட்டுச் சுருட்டிக்கொண்ட ஒரு பயாஸ்கோப்காரரிடமிருந்து வந்தது. தோப்பில் தென்னைக்கு ஊடே நின்ற பாக்கு மரங்களையே கம்பமாக வைத்துக் கம்பி இழுத்தார். கம்பி மரத்தைத் தொடாமல் இருக்கப் பீங்கான் வேண்டும் என்றார். என் அம்மா சீதனமாகக் கொடுத்த ஊறுகாய் ஜாடிகளைக் காணவில்லை என்று நான் தேடியபோது, அவை உடைந்து துண்டு துண்டாக மரங்களின் மேல் உட்கார்ந்திருந்தன. மின்சாரத்துக்கு என் குடும்பம் கொடுத்த முதல் காணிக்கை அதுதான். மேடையில் இதை யாரும் சொல்வதில்லை.

சாரல் தொடங்கி ஆறு நிறைந்து ஓடியபோது ஒரு சாயங்காலம் கால்வாயைத் திறந்துவிட்டார். பட்டாசாலையில் தொங்கிய பல்பு முதலில் சிவந்தது, பிறகு மஞ்சளானது, பிறகு பளிச்சென்று எரிந்தது. அவர் நனைந்தபடி ஓடிவந்து வாசற்படியில் நின்றார். நான் பல்பைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தேன். விளக்கு வைத்த பிறகு அவர் முகத்தை நான் முழுதாகப் பார்த்தது அன்றுதான். பரவாயில்லை, நன்றாகத்தான் இருந்தார்.

எல்லாம் சரியாகப் போயிருக்கும். குற்றாலத்தில் மனிதர்கள் குளிக்காமல் இருந்திருந்தால்.

சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வருகிறவர்கள் உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்கு அடியில் போய் நிற்பார்கள். மதுரையிலிருந்து வந்த வக்கீலாக இருக்கட்டும், காரைக்குடிப் பக்கத்துச் செல்வந்தராக இருக்கட்டும், அருவிக்கு மரியாதை தெரியாது. இடுப்பில் சரியாகக் கட்டாததைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். பிடுங்கியதெல்லாம் எங்கே போகும்? நேராக எங்கள் கால்வாய்க்கு வரும். வந்து குழாய் வாயில் அடைத்துக்கொள்ளும். சக்கரம் நின்றுபோகும்.

அவர் மூங்கில் தட்டி ஒன்று பின்னிக் குழாய்க்கு முன்னால் வைத்தார். துணிகள் தட்டியில் ஒட்டிக்கொண்டன. ஒட்டியதை அவ்வப்போது எடுக்காவிட்டால் தண்ணீர் குறைந்து விளக்கு மங்கும். வேகமாக வருவது தட்டியைத் தாண்டிக் குழாய்க்குள்ளேயே போய்விடும். பல்பைப் பார்த்தே என்ன வந்திருக்கிறது என்று எங்களுக்குத் தெரியத் தொடங்கியது. கண்ணடித்தால் கோவணம். நடுங்கினால் துண்டு. சிவந்துபோனால் வேட்டி. ஒருநாள் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது, என்னவென்றே புரியவில்லை. போய்ப் பார்த்தால் யாரோ ஓர் அம்மாளின் சவுரி முடி சக்கரத்தில் சுற்றிக்கொண்டு தலைவிரித்து ஆடிக்கொண்டிருந்தது. அவர் அதை எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். நான்தான் எடுத்தேன்.

எடுத்த துணிகளைத் துவைத்துத் தோப்பில் கொடி கட்டிக் காயப்போட்டேன். விஷயம் பரவிவிட்டது. தினமும் துணியைத் தொலைத்தவர்கள் வந்தார்கள். சிலர் நேராக வர முடியாத நிலைமையில், வாழை மரத்துக்குப் பின்னால் நின்று குரல் கொடுப்பார்கள்: “அம்மா, சிவப்புக் கரை போட்ட துண்டு ஒண்ணு வந்துச்சா?” நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு எறிவேன். ஊரில் யாரிடம் கேட்டாலும், என் வீட்டுக்காரர் மைசூரில் படித்துவிட்டு வந்து ஆற்றோடு போகிற துணியைப் பிடிக்க ஒரு மெஷின் செய்திருக்கிறார், ரொம்ப நல்ல மனுஷர் என்றுதான் சொன்னார்கள். மேலே எரிகிற பல்பை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அவருக்கு அதில் மனம் வெந்துபோயிற்று.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை வந்துவிட்டது. ஆடி அமாவாசை நெருங்கியபோதுதான் மண்டையில் உறைத்தது. அன்றைக்கு அருவிக்கரையில் தர்ப்பணம் கொடுக்கச் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் திரண்டு வரும். கொடுத்துவிட்டுக் குளிக்கிறவர்கள், கட்டியிருந்த பழைய துணியை ஆற்றோடு விட்டுவிடுவார்கள். அதோடு பாவமும் போய்விடுமாம். மற்ற நாட்களில் அருவி பிடுங்குகிறது. அன்றைக்கு மனிதர்களே கழற்றிக் கொடுப்பார்கள். வருஷத்தில் எத்தனையோ நாள் இருக்க, மாமனார் நிலா இல்லை என்பதற்காக அந்த ஒரு நாளைப் பிடித்திருந்தார். என் வீட்டுக்காரரும் தலையை ஆட்டியிருந்தார். மின்சாரம் படித்தவருக்குப் பஞ்சாங்கம் தெரியவில்லை.

“விளக்கு அணைஞ்சா நான் அங்கன திரும்பிப் போகணும்,” என்றேன் அவரிடம்.

“நானும்தான போகணும்?”

“நீங்க வயலுக்குப் போவீக. நான் அடுப்புக்குப் போவேன்.”

அவர் எழுந்தார். போய்த் தட்டியை இன்னும் நெருக்கமாகப் பின்னினார்.

அமாவாசை வந்தது. மாமனாரும் மாமியாரும் முந்தின நாளே தென்காசியில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, காலையில் அருவிக்குப் போய்விட்டு எங்களிடம் வந்தார்கள். பந்தயத்துக்குச் சாட்சியாக மாமனார் வடகரை அண்ணாச்சி ஒருவரையும் அழைத்து வந்திருந்தார். மாமனாரின் பால்ய சிநேகிதர், தென்னந்தோப்புக்காரர். மாமனார் புது வேட்டி சரசரக்க உள்ளே வந்து உட்கார்ந்து, “பழைய வேட்டிய ஆத்தோட விட்டாச்சு. ஒரு வருசத்துப் பாவமும் அதோட போச்சு,” என்றார் நிம்மதியாக.

எங்கே போனது என்று எனக்குத் தெரியும். காலையிலிருந்து தட்டியிலிருந்து எடுத்த துணிகள் தோப்பில் குவியலாகக் கிடந்தன. தண்ணீர் மொண்டு வருகிற சாக்கில் ஓடிப்போய்ப் புரட்டிப் பார்த்தேன். மாமனார் பச்சைக் கரை வேட்டிதான் கட்டுவார். குவியலில் பச்சைக் கரையே இல்லை.

“மாமா வேட்டி இன்னும் வரல,” என்றேன் என் வீட்டுக்காரரிடம். அவர் முகம் வெளுத்துவிட்டது.

அன்றைக்கென்று தட்டியைப் பார்த்துக்கொள்ளக் கூலிக்கு வைத்திருந்த ஆளும் தர்ப்பணம் என்று போய்விட்டான். சாயங்காலம் மலையில் மழை பிடித்துக்கொண்டது. ஆறு ஏறத் தொடங்கியது. காலையிலிருந்து பாறை இடுக்கிலும் வேரிலும் சிக்கிக் கிடந்த ஊர்ப்பட்ட பாவமெல்லாம் அந்தப் புதுத் தண்ணீரில் கிளம்பி வரும் என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பல்பு பளிச்சென்று எரிந்தது. வடகரை அண்ணாச்சி கையால் நிழல் பிடித்து, “நல்லாத்தான்வே எரியுது,” என்றார். மாமனார், “நான் சாப்பிட்டு முடிக்கட்டும், பொறவு பேசும்,” என்றார்.

நான் பலகாரத்தை யோசித்துத்தான் செய்திருந்தேன். இடியாப்பமும் தேங்காய்ப்பாலும். கடிக்க வேண்டியது எதையும் செய்யவில்லை. வாயில் வைத்தால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், சட்டென்று கை கழுவ வேண்டும் என்பது என் கணக்கு. மாமனார் ஒவ்வொரு இழையாக எடுத்துச் சாப்பிட்டார். இடையிடையே வீரகேரளம்புதூர் வாய்க்கால் தகராறை விஸ்தாரமாகச் சொன்னார். ஆயுசில் அவ்வளவு நிதானமாக அவர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

பல்பு கண்ணடித்தது. என் வீட்டுக்காரர் எழுந்தார். “வயிறு ஒரு மாதிரி இருக்குப்பா,” என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் ஓடினார். முழங்கை வரை நனைந்து திரும்பி வந்து உட்கார்ந்தார். உடனே பல்பு நடுங்கியது. மறுபடி எழுந்தார். திரும்பி வந்தபோது தலையில் ஒரு பாசி ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவது தடவையும் எழுந்தபோது வடகரை அண்ணாச்சி கவலையோடு, “பய என்னத்தத் தின்னான்?” என்று கேட்டார்.

“மாதுளந் தோல் கஷாயம் கொடுத்தா நின்னுரும்,” என்ற மாமியார், தாமதிக்காமல் சமையல்கட்டுக்குப் போய்க் கஷாயம் போட்டுக் கொண்டுவந்துவிட்டார். என் வீட்டுக்காரருக்கு வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை. இருந்தாலும் என்ன செய்வார்? குடித்தார். “இனி எந்திரிக்கப்படாது. அசையாம உக்காரு,” என்று மாமியார் அவர் தோளில் கையை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். அவர் என்னைப் பார்த்தார். நான் பல்பைப் பார்த்தேன்.

பல்பு சிவந்தது.

“இன்னும் ரெண்டு வையி தாயி. பஞ்சு மாதிரி இருக்கு,” என்றார் மாமனார். அவர் சொல்லி வாய் மூடவில்லை, விளக்கு போய்விட்டது.

அப்படியொரு இருட்டு. அதில் மாமனார் குரல் மட்டும் பூரித்துப்போய்க் கேட்டது: “அணைஞ்சு போச்சுல்லா! வடகரையாரே, பாத்துக்கிட்டீரா?”

என் வீட்டுக்காரர் அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடினார். நான் அரிக்கேன் விளக்கைப் பொருத்திக்கொண்டு பின்னால் போனேன். எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பெரிய வீட்டு அடுப்பும், எரிந்துகொண்டே இருக்கும் அதன் விறகும் கண்முன்னால் வந்து நின்றன. “இரு, நானும் வாரேன்,” என்று மாமியார் முக்காட்டைப் போட்டுக்கொண்டு மழையில் என்னோடு வந்தார்.

என் வீட்டுக்காரர் கால்வாயில் இடுப்பளவு தண்ணீரில் நின்று குழாய் வாயிலிருந்து எதையோ இழுத்துக்கொண்டிருந்தார். அது வர மாட்டேன் என்றது. கடைசியில் வந்தது. நான் விளக்கைத் தூக்கிப் பிடித்தேன். பச்சைக் கரை.

மாமியார் கையை நீட்டி அதை வாங்கினார். கரையோரம் ஓர் இடத்தைத் தடவிப் பார்த்தார். கிழிசலை அவர் கையால் தைத்திருந்த இடம். பிழிந்து சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அவ்வளவுதான் என்று நினைத்தேன். புருஷன் மானம் போகாமல் இதை எங்கேயாவது ஒளித்துவைத்துவிடுவார். வெளியாள் முன்னால் அவர் புருஷனை விட்டுக்கொடுத்து நான் பார்த்ததே இல்லை. மாமனார் முன்னால் உட்கார்ந்துகூட நான் பார்த்ததில்லை.

தண்ணீர் குழாயில் இறங்கிச் சக்கரம் சுற்றியது. நாங்கள் உள்ளே போகும்போது பல்பு மறுபடி எரிந்துகொண்டிருந்தது. மாமியார் நேராகப் போய், சுருட்டிய வேட்டியை மாமனாரின் இலைக்குப் பக்கத்தில் தொப்பென்று வைத்தார்.

“இந்தாங்க. காலையில விட்ட பாவம். ஒங்க மவன் வீட்டு வெளக்க அணைச்சுட்டு வந்துருக்கு.”

வடகரை அண்ணாச்சிக்குத் தேங்காய்ப்பால் புரையேறிவிட்டது. சிரித்துச் சிரித்து, தலையில் தட்டிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: “அணைச்சது ஒம்ம வேட்டிவே. பய வெளக்கு அதுவா அணையல. தோத்தது நீருதான்.”

மாமனார் வேட்டியைப் பார்த்தார். பல்பைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அதுதான் ரொம்ப நேரம். பிறகு, “அந்த ரெண்டு இடியாப்பத்த வையி தாயி,” என்றார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, “சாரல் முடியுத வரைக்கும் இருங்க. பொறவு பாப்போம்,” என்றார். அந்தப் பிறகு வரவே இல்லை. கோடையில் ஆறு வற்றி மெஷின் தூங்கியபோதும் அவர் எங்களைக் கூப்பிடவில்லை. அரசாங்கக் கம்பி குற்றாலத்துக்கு வருகிற வரைக்கும் நாங்கள் அந்த வீட்டில்தான் இருந்தோம்.

மறுநாள் காலையில் வண்டி பூட்டினார்கள். மாமியார் மட்டும் சமையல்கட்டுக்கு வந்து நின்றார். இரண்டு பேர் நிற்க இடமில்லாததால் என்னை ஒட்டித்தான் நிற்க வேண்டியிருந்தது. அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்த இரண்டு தட்டுகளைப் பார்த்தார்.

“ரெண்டு பேரும் ஒண்ணாவா சாப்பிடுதீக?”

எனக்குப் பயம் வந்துவிட்டது. மரியாதை இல்லை என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். தலையை மட்டும் ஆட்டினேன்.

“சண்டை போடுவீகளோ?”

“போடுவோம் அத்தை.”

“சத்தமாவா?”

“சத்தமாத்தான்.”

அவர் சிரித்தார். அந்த வீட்டில் இருந்த வருஷமெல்லாம் அவர் சிரித்து நான் கேட்டதில்லை. பிறகு வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“எனக்குக் கல்யாணம் ஆன புதுசுல ஒங்க மாமா சங்கரன்கோவில் பக்கம் நெலம் பாத்தாக. தனியாப் போயிருவோம்னு சொன்னாக. நான் துணிமணியெல்லாம் மடிச்சு மூட்டை கட்டிட்டேன். அவுக அப்பா வேண்டாம்னுட்டாக. இவுகளும் சரின்னுட்டாக. மூட்டைய நானேதான் பிரிச்சேன்.”

அத்தனை நாளும் என்னைக் கட்டிப்போட்டவர் அவர்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான்.

வெளியே மாமனார் கூப்பிட்டார். மாமியார் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வாசல் வரை போனவர், திரும்பி வந்து என் கையைப் பிடித்தார்.

“ஏட்டி, யாரு என்ன சொல்லிக் கூப்பிட்டாலும் அங்கன திரும்பி வந்துராத. நானே கூப்பிட்டாலும் வராத.”

வண்டி போன பிறகு நான் அடுப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். என் வீட்டுக்காரர் ஓடிவந்து, “என்ன ஆச்சு, அம்மா ஏசிட்டாகளா?” என்று கேட்டார். நான் அழுதுகொண்டே, “இல்ல, வாழ்த்திட்டுப் போயிருக்காக,” என்றேன்.